எண்பத்தாறு பேர் பார்த்த மாடு

சிரிப்பு வீடியோவைப் பார்த்துச் சிரிக்காத மனுசனோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய தண்டனை. அழகுபாண்டி காலையிலிருந்து அந்த வீடியோவைப் பதினோரு தடவை பார்த்துவிட்டான். ஒரு தடவைகூடப் பல் தெரியவில்லை. பன்னிரண்டாவது தடவை அடுப்படிக்கே வந்து, தோசைக்கல்லுக்கும் பொண்டாட்டி முனீஸ்வரியின் மூஞ்சிக்கும் நடுவில் போனை நீட்டினான்.

"பாரு. நல்லாப் பாரு. ஒங்க அண்ணன் பண்ணிருக்கிற வேலையப் பாரு."

முனீஸ்வரி பார்த்தாள். முப்பத்தெட்டு விநாடி. வாடிவாசலிலிருந்து ஒரு கருப்புக் காளை வெளியே வருகிறது. பாயவில்லை, சீறவில்லை. நின்று நிதானமாக அங்கிட்டுப் பார்க்கிறது, இங்கிட்டுப் பார்க்கிறது. பிறகு திரும்பி, வந்த வழியாகவே உள்ளே போகப் பார்க்கிறது. மாடுபிடிக்காரன் ஒருத்தன் அவசரமே இல்லாமல் நடந்து வந்து, பஸ் ஸ்டாண்டில் சேக்காளி தோளில் கை போடுவது மாதிரி அதன் திமிலில் கையைப் போட்டுக்கொள்கிறான். மைக்கில் வர்ணனைக்காரன் கத்துகிறான்: "மேலூர் முத்துக்கருப்பன் மாடு! ஏ மாட்டுக்காரரே, மாடு வீட்டுச் சாவிய மறந்துட்டு வந்துருச்சாம், எடுக்கப் போகுதாம்! பிடிமாடு, பிடிமாடு!" இது போதாதென்று எவனோ வேலையற்றவன் அதன் மேல் சிரிப்புச் சத்தத்தையும் ஒட்டிவிட்டிருந்தான்.

கீழே அவள் அண்ணன் செல்வக்குமார் தன் கைப்பட எழுதியிருந்தான்: 'நெட்ல கெடச்சது சொந்தங்களே. இதையெல்லாம் மாடுன்னு வளக்குறான் பாருங்க. இவனைப் போய்க் கோழி வளக்கச் சொல்லுங்க.'

அதற்குக் கீழே 'தங்கமான சொந்தங்கள்' வாட்ஸ்அப் குரூப்பின் எண்பத்தாறு பேரில் பாதிப் பேர், கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒச்சாயி அத்தைக்கு எழுத வராது, பேசியே அனுப்பியிருந்தாள். "டேய் செல்வம், வயிறு வலிக்குதுடா. இந்த மாட்டப் பெத்த பசுவக் கூப்புட்டு விசாரிக்கணும்டா!"

இதில் சிரிக்க முடியாத ஆட்கள் அந்தக் குரூப்பில் இரண்டே பேர்தான். ஏனென்றால் அந்த மாடு மேலூர் மாடே இல்லை. அந்த நேரத்தில் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நின்று பருத்திக்கொட்டை தின்றுகொண்டிருந்த மாடு அது. அழகுபாண்டி நாலு வருசம் பிள்ளை மாதிரி வளர்த்த காளை.

நடந்தது இதுதான். இப்போதெல்லாம் ஜல்லிக்கட்டில் மாடு அவிழ்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், டோக்கன் வர வேண்டும். அழகுபாண்டிக்கு வரவில்லை. தீபாவளியிலிருந்தே, 'இந்தத் தைக்கு எம்மாட்டத் தொட்டவன் கைய எண்ணிப் பாத்துக்கணும்' என்று அலங்காநல்லூர்ச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவன். சும்மா இருக்க முடியுமா? மேலூர் முத்துக்கருப்பன் மாட்டுக்குக் கால் ஒடிந்துபோய், டோக்கன் வீணாகக் கிடந்தது. அவன் பேரில் இவன் மாட்டை அவிழ்ப்பது என்று பேசி முடித்தார்கள். கருப்பு மாட்டுக்குக் கருப்பு மாடு, யார் கேட்கப் போகிறார்கள்? எந்த ஊர் ஜல்லிக்கட்டு என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அந்த ஊர்க்காரன் என்னிடம் சண்டைக்கு வருவான். மாடு ஜெயித்தால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அழகுபாண்டி நினைத்திருந்தான். மாடு வீட்டு ஞாபகம் வந்து திரும்பி நின்றது. அன்று சின்ன யானை லோடு வண்டியில் முன்சீட்டில் உட்காராமல், பின்னால் மாட்டோடு நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தான். 'காலு சுளுக்கு, இந்த வருசம் அவுக்கல' என்று எல்லோருக்கும் ஒரே பதில். உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவன், முத்துக்கருப்பன், முனீஸ்வரி.

"தெரிஞ்சே போட்டுருக்கான்" என்றான் அழகுபாண்டி.

"எங்கண்ணனுக்கு எப்புடிங்க தெரியும்? கன்னுக்குட்டியில பாத்ததோட சரி. லேத்துப் பட்டறைக்காரருக்கு எல்லாக் கருப்பு மாடும் ஒரே மாடுதான்."

"அப்ப எதுக்குடி கோழி வளக்கச் சொல்லுறான்? போன வருசம் கோழிப் பண்ணை போடலாமான்னு நான் யாருகிட்ட யோசனை கேட்டேன்? ஒங்கண்ணன்கிட்டதான? லந்தக் குடுக்குறான்டி, கேலி பண்ணுறான்டி. எம்பொண்டாட்டியோட அண்ணன், எம்புட்டுச் சொந்தம் இருக்கோ அம்புட்டுப் பேரு முன்னாடியும் என்னைய லந்தக் குடுக்குறான்."

"அப்படின்னா அவருகிட்டயே கேளுங்க!"

கேட்க முடியாது. கேட்டால் மாடு யாருடையது என்று தெரிந்துவிடும். அந்த வயிற்றெரிச்சலைத்தான் அவன் மூன்று நாளாகப் பொண்டாட்டி மேல் கொட்டினான். குழம்பில் உப்பு இல்லை என்றான். ஒச்சாயி அத்தை என்று பேச்செடுத்தால் தட்டைத் தள்ளினான். போன் சிணுங்கினால் இன்னும் எவன் சிரிக்கிறான் என்று பார்க்க ஓடினான். சிரித்தவன் பேரையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தான் ஐயா, வட்டிக்கடைக்காரன் மாதிரி.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நாலாம் நாள் காதுகுத்துப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. மாசி மாதம் குலதெய்வம் கோயிலில் சத்யப்ரியாவுக்குக் காது குத்து. கல்யாணமாகி எட்டு வருசம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை, நாலு வயசு. முனீஸ்வரி பத்திரிகையை இரண்டு தடவை படித்தாள். தாய்மாமன் என்ற இடத்தில் செல்வக்குமார் பேர் இல்லை. சோலை என்று இருந்தது.

"இது என்னங்க?"

"ஒங்க பெரியப்பா மகன்தான சோலை? அவரும் ஒனக்கு அண்ணன்தான? அவரு மடியில வச்சுக் குத்திக்குவோம்."

முனீஸ்வரி பத்திரிகையை மடக்கி வைத்தாள். சோலை! அவள் அப்பா செத்த அன்று, பங்காளி வீட்டு மூத்த மகன், கரும்பு வெட்டு இருக்கிறதென்று நீர்மாலை எடுக்கக்கூட வராத மனுசன். கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க, அந்த ஆள் மடியில் அவள் பிள்ளையை வைப்பதா? பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது செல்வக்குமார் ஒருத்தன்தான். அப்பா அம்மா இல்லை. அவன் மடி இல்லையென்றால் அந்த வாசல் அடைத்தது என்று அர்த்தம். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள்?

"எங்கண்ணன் இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்த முடியாது" என்றாள்.

"என்னைய அசிங்கப்படுத்துனவன் எம்புள்ளையத் தூக்க முடியாது" என்றான் அவன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பிள்ளை மட்டும் சாப்பிட்டது.

செல்வக்குமாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்லவன்தான், அதுதான் தொல்லையே. பார்த்த எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. குழாயை மூக்கால் திறந்து குளிக்கிற காக்கா, ஜப்பானில் பூனைக்கு நடத்துகிற ஆஸ்பத்திரி, உரித்த பூண்டு மூன்று மாசம் கெடாமலிருக்க ஒரு வழி, கடல் அடியில் கோயில் மாதிரி ஒரு பாறை. அவனியாபுரத்தில் பட்டறை மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கையால் அனுப்பிக்கொண்டிருப்பான். ஒரு தடவை அப்படி அனுப்பியதில் கட்டை விரல் நகம் போனது. போன நகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினான். ஆனால் முனீஸ்வரிக்குப் பிள்ளை இல்லாத எட்டு வருசமும், மாமியார் வீட்டில் மலடி என்று காதுபடப் பேசின நாட்களில், அவள் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தது அண்ணன் அனுப்பிய காக்காயைப் பார்த்துத்தான். அதை அவள் மறக்கவில்லை.

அந்த செல்வக்குமாரே மறுநாள் கூப்பிட்டான். குரலில் சூடு.

"ஏத்தா முனீசு, பத்திரிக்க அடிச்சாச்சாம்ல? ஒச்சாயி அத்தைக்கிக்கூடச் சொல்லியாச்சாம்ல? தாய்மாமன் வீட்டுக்குத்தான மொதல்ல வெத்தல பாக்கு வரணும்? எம்பொண்டாட்டி என்னையக் கேக்குறா, ஒங்க மாப்ளைக்கி நீங்க யாருன்னாச்சும் தெரியுமான்னு. ஒம்புருசனுக்கு அம்புட்டு ஏத்தமா? நான் என்னத்தா செஞ்சேன்?"

"ஒண்ணுமில்லண்ணே. நான் நேர்ல வாரேன்."

போனில் சொல்ல அவளுக்குப் பயம். வியாழக்கிழமை, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, துணி எடுக்கப் போகிறேன் என்று புருசனிடம் பொய் சொல்லி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போய்ச் சேர்ந்தாள். பட்டறையில் இரும்புத் தூள் பறந்துகொண்டிருந்தது. மிஷினை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்தப் பிடிமாடு எங்க மாடுண்ணே."

செல்வக்குமார் முதலில் சிரித்தான். பிறகு அவள் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். டோக்கன், முத்துக்கருப்பன், கால் சுளுக்கு என்ற பொய், பத்திரிகையில் சோலை பேர் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அவன் கண் நிறைந்துவிட்டது.

"அடி ஆத்தி! எம் மாப்ளையவா நான் கோழி வளக்கச் சொன்னேன்?" கிரீஸ் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டான். "இப்பவே அழிச்சுருறேன் இரு."

போனை எடுத்தான். ஒரு வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் அழிக்கிற வசதி போய்விட்டது, அவன் போனில் மட்டும்தான் அழிக்கலாமாம். திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தான்.

"அழிக்கவும் வேணாம், ஒண்ணும் செய்யவும் வேணாம்" என்றாள் முனீஸ்வரி. "ஞாயித்துக்கெழம எதுவுமே தெரியாத மாதிரி வீட்டுக்கு வா. மாப்ள நல்லாருக்கீகளான்னு மரியாதையாக் கேளு. ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவரு நம்பிட்டாப் போதும், கோவம் எறங்கிரும். பத்திரிக்கைய நான் மாத்த வைக்கிறேன். ஆனா இது ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. மதினிகிட்டக்கூட. சத்தியம் பண்ணு."

"ஒம்மேல சத்தியம்த்தா. ஒரு ஆளுகிட்டச் சொன்னா என் நாக்கு அழுகிரும்."

சொன்னபோது அவன் நிசமாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முனீஸ்வரி ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு நிறைய ஒரு டீ குடித்தாள். அண்ணன் ஆட்டோ வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான்.

பஸ் வைகைப் பாலத்தில் ஏறும்போது மடியில் போன் அதிர்ந்தது. தங்கமான சொந்தங்கள். செல்வக்குமார் பேசி அனுப்பியிருந்தான், இரண்டு நிமிசம் நாற்பது விநாடி. போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"சொந்தங்களே, ரொம்ப மன வேதனையோட பேசுறேன். போன வாரம் நான் போட்ட மாடு வேற யாரு மாடும் இல்ல, எம் மாப்ள அழகுபாண்டியோட மாடு. முத்துக்கருப்பன் டோக்கன்ல அவுத்துருக்காக. எந்தங்கச்சி முனீஸ்வரி இப்பத்தான் பட்டறைக்கு வந்து அழுதுட்டுப் போகுது. மாப்ள கால் சுளுக்குன்னு சொன்னது மானத்துக்காகச் சொன்னது, அதப் பொய்யின்னு யாரும் நெனைக்கக் கூடாது. மாடு நல்ல மாடுதான், அன்னைக்கி ஏதோ மெரண்டுருச்சு. சிரிச்சவுக எல்லாரும் மாப்ளகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுருங்க. நானும் கேட்டுக்கிறேன்..."

அடுத்து இன்னொன்று வந்தது. அதே வீடியோ. கீழே எழுதியிருந்தான்: 'எந்த மாடுன்னு தெரியாதவங்களுக்காக மறுபடியும்.'

பாவி, படுபாவி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு முனீஸ்வரி வாய்விட்டுத் திட்டினாள்.

அப்புறம் ஒச்சாயி அத்தை குரல் வந்தது. "அட, நம்ம அழகுபாண்டி மாடா அது?" மன்னிப்புக் கேட்டவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் மன்னிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் மூஞ்சியை வைத்திருந்தார்கள். போன வாரம் வீடியோவைப் பார்க்காமல் விட்டவர்களும் இந்த வாரம் பார்த்தார்கள். எவனோ ஒரு மருமகன் அதை ஊர்க் குரூப்புக்கும் தள்ளிவிட்டான். பஸ் ஊருக்குள் நுழைந்து அவள் இறங்கும்போது, டீக்கடை பெஞ்சில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். அந்த ஒட்டுப்போட்ட சிரிப்புச் சத்தம் அவளுக்கு ரோடு வரைக்கும் கேட்டது. அவளைப் பார்த்ததும் ஒருத்தன் போனைத் திருப்பி மடியில் கவிழ்த்தான்.

அழகுபாண்டி வாசலில் நின்றிருந்தான். திட்டுவான், கையை ஓங்குவான் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு அவன் அமைதியாக நின்றது இன்னும் பயமாக இருந்தது.

"துணி எடுத்தியா?" என்றான்.

அவள் கையில் போன் மட்டும்தான் இருந்தது.

"முத்துக்கருப்பன் போன் பண்ணான். எங்கம்மா வரைக்கும் இழுத்துப் பேசுனான். பேர் மாத்தி அவுத்தது தெரிஞ்சுபோச்சு, இனிமே ஆயுசுக்கும் அவனுக்கு டோக்கன் கெடைக்காது. எனக்கும் கெடைக்காது. ஒங்கண்ணன் மேல எனக்குக் கோவம் இல்ல இப்ப. அவன் கூமுட்டை. ஒன்னையத்தான் நம்புனேன். மூணு பேருக்குத் தெரிஞ்ச விசயம்டி. வாயத் தொறந்தது நீ."

"எம்புள்ளைக்காகத்தான் போனேன்."

"நானும் மானத்துக்காகத்தான் மறைச்சேன்." அவன் பத்திரிகை மாதிரியை அவள் கையில் திணித்தான். "இந்தா, நீயே எழுதிக்க. யாரு பேர வேணும்னாலும் எழுது. ஒங்கண்ணன் வந்து மடியில வச்சா நான் அந்தப் பந்தல்ல நிக்க மாட்டேன். அப்பன் இல்லாத காதுகுத்தா நடத்திக்க."

சொல்லிவிட்டு வெளியே போகக்கூட முடியவில்லை அவனுக்கு. வெளியே டீக்கடை இருந்தது. வீட்டுக்குள்ளேயே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். முனீஸ்வரி அவன் முதுகைப் பார்த்தாள். அவளுக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் வந்தது. பாவமாக வந்ததற்காக இன்னும் ஆத்திரமாக வந்தது.

போன் அடித்தது. அண்ணன். எடுத்தாள்.

"என்னத்தா, மாப்ள கேட்டாரா?" குரலில் அப்படி ஒரு சந்தோசம். "நூத்திப் பதினாலு மெசேஜு வந்துருக்கு பாத்தியா? எம்புட்டுப் பேரு ஆறுதல் சொல்லியிருக்காக! மனசுல இருந்த பாரமே எறங்கிருச்சுத்தா. ஞாயித்துக்கெழம வாரேன். பிள்ளைக்குத் தோடு எடுத்து வச்சுட்டேன், பட்டுப் பாவாட எடுத்து வச்சுட்டேன்."

"சத்தியம் பண்ணியேண்ணே."

"பண்ணேன்ல? ஒரு ஆளுகிட்டச் சொல்லலையே! ஒங்க மதினி எம்புட்டுக் கேட்டா, வாயத் தொறந்தேனா?"

"குரூப்புல சொன்னியேண்ணே."

"குரூப்புலதான போட்டேன்? அது நம்ம சொந்தம்தானத்தா!"

இந்த மனுசனிடம் இனிமேல் என்ன சொல்லிப் புரியவைப்பது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சொல்ல முடியுமா? புருசனோடு சண்டை என்றால் சொல்ல முடியுமா? நாளைக்குப் பிள்ளை பெரியவளானால் அதையும் எண்பத்தாறு பேருக்கு நல்லெண்ணத்தோடு அனுப்பிவைப்பான். எதையும் சொல்ல முடியாத பிறந்த வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஞாயித்துக்கெழம வர வேண்டாம்ண்ணே" என்றாள். "காதுகுத்துக்கும் வர வேண்டாம். சோலையண்ணன் மடியிலயே வச்சுக்கிறோம்."

அந்தப் பக்கம் பட்டறையில் மிஷின் நிற்பது கேட்டது. பிறகு அவன் பேசினான், சின்னப் பிள்ளை மாதிரி குரல் உடைந்து.

"சோலையா? அப்பாவுக்கு நீர்மாலை எடுக்க வராத சோலையா? ஒனக்கு நான் என்னத்தா கொற வச்சேன்? என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட அப்படி என்னத்தா இருக்கு?"

"பட்டன் போன்" என்றாள் முனீஸ்வரி.